மூன்றாம் படி ஆறு

7

கொளஞ்சிக்குத் தோற்கப் பிடிக்காது. அந்த வியாழக்கிழமை முடிவதற்குள், எப்படியாவது இந்தக் கேஸில் தோற்றுவிட மாட்டோமா என்று அவர் ஏங்கப்போகிறார். காலை பத்து மணிக்கு அவருக்கு அது தெரியாது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில், கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது அவருடைய துப்பறியும் அலுவலகம். போலீஸ் ஸ்டேஷனில் பதினான்கு வருஷம் ரைட்டராக இருந்தவர். மேலே இருப்பவர்கள் சொன்னதையெல்லாம் எழுதி எழுதிக் கை கசந்துபோய் வேலையை விட்டவர். உதவியாளன் சிலம்பரசன் அவர் மனைவியின் தம்பி, பெண்ணாடத்துக்காரன். வேலையைவிட அவனுக்கு வாய் நீளம்.

எதிர் நாற்காலியில் சிங்காரம் உட்கார்ந்திருந்தார். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர். வயது ஐம்பத்தைந்து இருக்கும், இந்த ஒன்றரை மாதத்தில் எழுபதாகியிருந்தது.

"எம்பொண்ணு எழிலரசி போயி நாப்பது நாளு ஆவுது சார்," என்றார். "சிதம்பரத்துல படிச்சிகிட்டிருந்தா. ஒத்த ஆளு உக்காந்து துடுப்பு போடுற சின்னப் படகு வுடுறதுன்னா உசுரு. அந்தப் படகு கிளப்பு பசங்களோட ஆடி மாசம் குடகுப் பக்கம் ஒரு ஆத்துக்குப் போனா. அஞ்சு பேரு போனாங்க. நாலு பேரு கரை ஏறுனாங்க."

கொளஞ்சி பெயரையும் நாளையும் குறித்துக்கொண்டார். சில இடங்களில் ஆறுதல் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்.

"அந்த ஆறு அவளுக்கு மீறுன ஆறாம். போலீசு சொல்லுது, பேப்பர்ல போட்டான். அப்ப எவனோ ஒருத்தன் இந்த ஆறு ஒனக்கு தாங்கும்னு சொல்லித்தான இறக்கி வுட்டுருக்கான்? அவன் பேரு வேணும் எனக்கு." மடித்து வைத்திருந்த தாளை எடுத்தார். "எஸ்.பி. ஆபீசுக்கு மனு. இன்னிக்கு அஞ்சு மணிக்குக் குடுக்கப் போறேன். கூட்டிகிட்டுப் போன சேரன் பேரத்தான் எழுதியிருக்கேன். ஊர்ல பெரியவங்க, அவசரப்பட்டு ஒரு பையன் வாழ்க்கையில கை வெக்காதங்கறாங்க. அவனுக்குத் தீயணைப்புத் துறையில வேலை வந்திருக்காம். கேசு விழுந்தா வேலை போயிடுமாம். அவன்தானா, வேற ஆளான்னு அஞ்சு மணிக்குள்ள சொல்லுங்க."

"பொண்ணோட சாமான் எதுனா இருக்குதா?"

சிங்காரம் ஒரு பையைக் கவிழ்த்தார். தண்ணீர் புகாத சின்ன உறை ஒன்று விழுந்தது. அதற்குள் பிளாஸ்டிக் ஒட்டிய ஓர் அட்டை. எழிலரசியின் படம். படத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். கீழே மூன்று கட்டங்கள். முதல் படி, எழுபத்தொன்று மார்க். இரண்டாம் படி, அறுபத்து நான்கு. மூன்றாம் படி, முப்பத்தைந்து. தேதி 16.5.2010. பக்கத்தில் ஒரு கையெழுத்து.

"இது என்னா அட்டை?"

"அது கிளப்புல குடுக்குற வெறும் அட்டைங்க. அத வுடுங்க, ஆத்தப் பாருங்க," என்றார் சிங்காரம். எழுந்தவர், ஒரு பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். "நம்ம தோப்பு முந்திரி. தோலு உரிக்காம மொளகுப் பொடியும் உப்பும் போட்டு வறுத்தது. கடையில கெடைக்காது. எம்பொண்ணுக்கு இப்பிடித்தான் புடிக்கும், அதனால எங்க வூட்டுல மட்டும் இப்பிடி. யார் வூட்டு வாசலுக்கும் வெறுங்கையோட போயி எனக்குப் பழக்கமில்ல."

அவர் படியிறங்கிப் போனதும் சிலம்பரசன் பொட்டலத்தைப் பிரித்தான். "மாமா, சோகமான மனுசன் கொண்டாந்தது இவ்ளோ ருசியா இருக்கக்கூடாது. தின்னவும் முடியல, நிறுத்தவும் முடியல."

"நிறுத்துறதுக்கு நான் வழி சொல்றேன். வண்டிய எடு."

கொளஞ்சி அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெறும் அட்டை என்று யாராவது சொன்னால் அதை விடக்கூடாது என்பது அவர் வழக்கம்.

*

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி, முட்லூரில் திரும்பிக் கிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. உப்பங்கழிக் கரையில், கவிழ்த்துப் போட்ட படகு ஒன்றின்மேல் சேரன் உட்கார்ந்திருந்தான். இருபத்து நான்கு வயது. மீன்பிடிக் குடும்பத்துப் பையன். ஓடிவிடுகிற முகம் இல்லை, பிடித்துக்கொண்டு போங்கள் என்று காத்திருக்கிற முகம்.

"அந்த ஆத்துல எறங்கலாம்னு நீதான முடிவெடுத்த?" என்றார் கொளஞ்சி.

"ஆமா சார்."

"எத வச்சி எடுத்த?"

சேரன் ஈரம் பட்டு உப்பிய ஒரு நோட்டைக் கொடுத்தான். "ஆத்துக்கு ஆறு படி இருக்குது சார். மொதப் படின்னா தண்ணி சும்மா நடந்து போவும், கொழந்தய உக்கார வச்சி ஓட்டலாம். ரெண்டுல சின்ன அலை. மூணுல பாறைக்கு நடுவால வளைஞ்சி போவணும். கவுந்தா உள்ள உக்காந்தபடியே துடுப்பப் போட்டு நிமுரத் தெரியணும். நாலு, அஞ்சு எல்லாம் ரொம்ப நாளு பழகுனவங்களுக்கு."

"ஆறு?" என்றான் சிலம்பரசன்.

"அது யாருக்கும் இல்ல. கரையில நின்னு பாத்துட்டு வூட்டுக்குப் போவ வேண்டியது."

"எனக்கு ஏத்தது அதான்."

சேரன் சிரிக்கவில்லை. "மழை பேஞ்சா ஒரு படி ஏத்திக்கணும். ரெண்டாம் படி ஆறு அன்னிக்கு மூணாயிடும். முந்துன நாளு மழை இல்ல. தண்ணி அளவு பாக்குற கம்பத்தையும் காலையில போயிப் பாத்தேன், நோட்டுல இருக்கு பாருங்க. அங்க பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஆறு சார். ஒண்ணு ரெண்டாம் படி, இன்னொண்ணு மூணு. நாங்க ஆத்த எடுக்குறது ஆத்தப் பாத்து இல்ல, ஆளப் பாத்து. அஞ்சு பேரு போனா அஞ்சு பேர்ல யாருக்குக் கொறைச்சலோ அவுங்களுக்குத் தக்கன ஆறு. நல்லா வுடுறவன் மொனகுவான், மொனகட்டும்."

நோட்டில் ஐந்து பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அட்டையில் இருந்த படி. மூன்று, நான்கு, மூன்று, நான்கு. கடைசியாக எழிலரசி, மூன்று. அதைச் சுற்றி ஒரு வட்டம். அதன் கீழே, 'எடுப்பது: மூன்று.'

"அவ ஓடுற தண்ணியில வுட்டு நீ பாத்திருக்கியா?"

"இல்ல சார். இந்தக் கழியிலதான் பாத்திருக்கேன். நிக்குற தண்ணி. இதுல நூறு தடவ கவுந்தாலும் நூறு தடவ நிமுருவா. ஓடுற தண்ணியில டெஸ்ட்டு வச்சப்ப நான் வேலைக்கு ஒடம்புத் தகுதித் தேர்வுக்குப் போயிட்டேன்." அவன் படகின் விளிம்பைச் சுரண்டினான். "ரெண்டாவது வளைவுல கவுந்தா. மூணு தடவ துடுப்பு மேல வந்துச்சு, ஆளு வரல. நான் போயி சேர்றதுக்குள்ள... அட்டைய நம்புனது எந்தப்பு சார். அவுரு குடுத்துக்கட்டும் மனுவ. ஒரு தரம் சின்ன ஆத்துல எறக்கிப் பாத்துட்டு அப்புறம் கூட்டிகிட்டுப் போயிருக்கணும்."

கொளஞ்சி நோட்டை மூடினார். திருடன் எவ்வளவு வேண்டுமானாலும் அழுவான், ஆனால் தண்ணீர் அளவைக் காலையில் போய்ப் பார்த்து எழுதி வைக்க மாட்டான்.

"அவ அட்டையில ரெண்டுன்னு இருந்திருந்தா?"

"அஞ்சு பேரும் ரெண்டாம் படி ஆத்துக்குப் போயிருப்போம் சார். சாயங்காலம் வந்து டீ குடிச்சிருப்போம்."

*

சிதம்பரம் ரோட்டில் ஒரு பெட்டிக்கடையில் நிறுத்திக் கொளஞ்சி மறுபடி அட்டையை எடுத்தார்.

"மச்சான், பத்தாங் கிளாஸ்ல கணக்குல எவ்ளோ எடுத்த?"

"எதுக்கு மாமா நடுரோட்டுல மானத்த வாங்குறீங்க. முப்பத்தஞ்சு."

"நானும் முப்பத்தஞ்சுதான். நீ எடுத்தியா, போட்டாங்களா?"

சிலம்பரசன் கோலி சோடாவைக் கீழே வைத்தான். "எங்க வாத்தியாரு பாவம் பாத்துப் போட்டாரு."

"அதான். முப்பத்தஞ்சு யாரும் எடுக்குற மார்க்கு இல்ல. போடுற மார்க்கு. எழுபத்தொண்ணு எடுத்தா, அறுபத்து நாலு எடுத்தா. மூணாவதுல கணக்கா பாஸ் மார்க்குல வந்து நிக்குறா."

"தேதி என்னா மாமா?"

"மே பதினாறு."

"இவுங்களுக்கு ஓடுற தண்ணி டெஸ்ட்டு எங்க வெப்பாங்க?"

"நோட்டுல பாத்தேன். ஒங்க பெண்ணாடத்துக்கிட்ட வெள்ளாத்துல, தடுப்பணைக்குக் கீழ."

சிலம்பரசன் சிரிக்க ஆரம்பித்தான். அப்புறம் நிறுத்திக்கொண்டான். "மாமா, மே பதினாறு ஞாயித்துக்கெழம. அந்த எடத்துல அன்னிக்கு நான் இருந்தேன். கிரிக்கெட் போட்டி. ஆத்துக்கு நடுவுலதான் பிட்ச்சு. மொத பால்லயே அவுட்டு, அதனால நாளு முழுக்க ஆத்தப் பாத்துகிட்டு உக்காந்திருந்தேன். படகு வுடுறதுக்கு இல்ல மாமா, வாய் கொப்புளிக்கத் தண்ணி இல்ல."

வாழ்க்கையில் முதல்முறையாக அவன் டக் அவுட் ஆனது ஒருவருக்குப் பயன்பட்டது.

"அப்ப டெஸ்ட்டே வெக்காம மார்க்கு ஏறியிருக்கு," என்றார் கொளஞ்சி. "கையெழுத்து யாருதுன்னு சேரன் சொன்னான். தட்சிணாமூர்த்தி. கிளப்பு வாத்தியாரு. தெற்கு வீதிக்குப் பின்னால வீடு."

மணி ஒன்றரை. அவருக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. துப்பு கிடைத்தால் யாருக்கும் அப்படித்தான், அது யாரைப் போய்க் குத்தப்போகிறது என்று அப்போது தெரிவதில்லை.

*

தட்சிணாமூர்த்தி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் போடும் பச்சைக் கண்ணாடி. கூடத்தில் தலைக்கவசங்களைக் கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார். கிளப்பை மூடிவிட்டதாகச் சொன்னார்.

"மே பதினாறு எழிலரசிக்கு டெஸ்ட்டு வச்சீங்களா சார்?" என்று கேட்டார் கொளஞ்சி.

"வச்சேன்."

"எந்த ஆத்துல?"

"பெண்ணாடத்துல."

"நானும் அன்னிக்கு அந்த ஆத்துலதான் சார் இருந்தேன்," என்றான் சிலம்பரசன். "பந்து காணாமப் போனாக்கூட மணல்லதான் தேடுனோம்."

வாத்தியார் அவனைப் பார்த்தார். கொளஞ்சியைப் பார்த்தார். உள்ளே போய் நீளமான ஒரு பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்து வைத்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். போன கார்த்திகை மாதத்துப் பக்கம். எழிலரசி, மூன்றாம் படி, இருபத்தேழு. சிவப்பு மையில்.

"ரெண்டு வருசமா ரெண்டு தடவ ஃபெயிலு," என்றார். "நிக்குற தண்ணியில அவளுக்கு நிகர் இல்ல. ஓடுற தண்ணியில தலைகீழா இருந்தா பயந்துடுவா. பயந்தா துடுப்பு கையில நிக்காது. இன்னும் ஒரு மழைக்காலம் பழகியிருந்தா வந்திருக்கும். எட்டு மார்க்கு சார். எட்டு மார்க்க நான் போட்டேன்."

"யாரு கேட்டாங்க?"

"யாரும் கேக்கல. நானா போட்டேன். அப்பிடியே எழுதிக்குங்க."

"வாத்தியாருங்க தானா போட்டா அம்பது போடுவாங்க, அறுபது போடுவாங்க. முப்பத்தஞ்சு போட்டா வாசல்ல வந்து யாரோ நின்னுருக்காங்கன்னு அர்த்தம். யாரு சார் அது?"

"நானா போட்டேன்னு சொல்றேன்ல."

அரைமணி நேரம் கேட்டும் பிரயோஜனம் இல்லை. அந்த நேரம் பார்த்து அவர் மனைவி அமராவதி காபியும் ஒரு தட்டும் கொண்டுவந்து வைத்தார். தட்டைப் பார்த்ததும் வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சாப்பிடுங்க தம்பி. இவரு ஆடி மாசத்துலேந்து இதத் தொடவே மாட்டேங்குறாரு. டப்பாவோட அப்பிடியே கெடக்கு," என்றார் அமராவதி.

சிலம்பரசன் இரண்டை வாயில் போட்டான். மென்றான். மெல்லுவதை நிறுத்தினான்.

"மாமா."

"என்னாடா?"

"கொஞ்சம் காறல் அடிக்குது. நாலு மாசமாவது ஆயிருக்கும். ஆனா..." அவன் தட்டைக் கொளஞ்சியின் பக்கம் தள்ளினான். தோல் உரிக்காத முந்திரி. மேலே மிளகுப் பொடியும் உப்பும்.

கொளஞ்சி ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். வாயில் போடவில்லை. கடையில் கிடைக்காது. எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி. யார் வீட்டு வாசலுக்கும் வெறுங்கையோடு போய்ப் பழக்கமில்லை. செப்டம்பரிலிருந்து நாலு மாதம் பின்னால் போனால் மே. எடுத்த முந்திரியைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"அவரா சார்?" என்றார் மெதுவாக.

தட்சிணாமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பொண்ணு மூணு நாளா சாப்பிடலன்னு வந்து நின்னாரு. மேல்படிப்புக்கு விளையாட்டுக் கோட்டாவுல சீட்டு கேக்கணும், மூணாம் படி இருந்தாத்தான் ஆவும்னாரு. எட்டு மார்க்குதான சார், தாளுல தான சார், ஆத்துல இல்லியேன்னாரு. நான் முப்பது வருசம் பள்ளிக்கூடத்துல வேலை பாத்தவன். எட்டு மார்க்குல ஒரு பையன் போறான்னா தூக்கி விடுறதுதான் எங்களுக்குத் தர்மம். எத்தன பேர தூக்கி விட்டுருக்கேன், எல்லாம் நல்லாத்தான் இருக்காங்க. பழக்கத்துல கை போட்டுடுச்சு சார்."

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"அவளுக்கு மட்டும் தெரியக்கூடாதுன்னாரு. ரோசக்காரி, தெரிஞ்சா அட்டையக் கிழிச்சிடுவான்னாரு. மறுமதிப்பீட்டுல மார்க்கு ஏறிடுச்சும்மான்னு சொன்னேன். அவ கொஞ்ச நேரம் அட்டையவே பாத்துட்டு, 'சார், நெசமாவே எனக்கு வந்துடுச்சா?'ன்னு கேட்டா." கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "வந்துடுச்சிம்மான்னேன்."

தட்டை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. அமராவதி வாசற்படியில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அவருக்கும் இப்போதுதான் தெரிகிறது.

"நான் கூட இருந்தா அவள மூணாம் படி ஆத்துல எறங்க வுட மாட்டேன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிகிட்டேன். பசங்க குடகுக்குக் கெளம்புன வாரம் கண்ணு ஆபரேஷன். கட்டுப் போட்டுப் படுத்திருந்தேன். போனு போட்டு சேரன்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொன்னா, எதுக்கு போட்டீங்கன்னு கேப்பான். வெக்கம் சார்." ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். "நானா போட்டேன்னு எழுதிக் குடுத்துடறேன். சேரன் பொழைக்கட்டும். அவருக்கு மட்டும் இது வேணாம் சார். மகளப் பறிகுடுத்தவரு. மிச்ச காலத்தையாவது அவரு கோவத்தோட ஓட்டட்டும், இத வச்சிகிட்டு ஓட்ட முடியாது."

அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கொளஞ்சி வாங்கிக்கொண்டார். பதினான்கு வருஷம் எத்தனையோ பொய் வாக்குமூலத்தைக் கூசிக்கொண்டே வாங்கியவர் அவர். இதை வாங்கும்போது கூசவில்லை.

*

கடலூர் திரும்பும்போது சிலம்பரசன் வண்டியை மெதுவாகவே ஓட்டினான். ஆலப்பாக்கம் ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது கேட்டான்.

"மாமா, பொய் சொல்லப் போறீங்களா?"

"ஆமா."

"நல்லா சொல்லுங்க. ஒங்களுக்குப் பொய் சொல்ல வராது. காது செவந்துடும்."

எஸ்.பி. அலுவலகத்துக்கு வெளியே, டீக்கடை பெஞ்சில் சிங்காரம் மனுவைத் தொடைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மணி நாலே முக்கால். கொளஞ்சி பக்கத்தில் உட்கார்ந்தார். கேஸ் புரியவில்லை, தோற்றுவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா என்று கடைசியாக ஒருமுறை யோசித்தார். சொன்னால் சேரனின் பெயர் மனுவில் அப்படியே இருக்கும். பாழாய்ப்போன கேஸ், தோற்கக்கூட விடவில்லை.

"சேரன் இல்லீங்க. அவன் சரியாத்தான் செஞ்சிருக்கான். அட்டையில மூணாம் படின்னு இருந்திச்சு, அத நம்பித்தான் அந்த ஆத்த எடுத்தான். அந்த மார்க்கு தப்பு. இருபத்தேழு எடுத்தவங்களுக்கு முப்பத்தஞ்சு ஏத்திப் போட்டிருக்காரு வாத்தியாரு. பேரு தட்சிணாமூர்த்தி. தானா போட்டேன்னு எழுதிக் குடுத்திருக்காரு."

சிங்காரம் பேனாவை எடுத்தார். சேரன் என்ற பெயரை அழுத்தி அடித்தார். அதற்கு மேலே 'த' என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றது.

"அட்டைய வச்சா ஆத்த எடுப்பாங்க?" என்றார்.

"ஆமாங்க."

"வேற எதுவும் பாக்க மாட்டாங்களா? நேர்ல வுட்டுப் பாக்குறது, அந்த மாதிரி?"

"இந்தத் தடவ பாக்கல. வந்தவங்க அட்டையெல்லாம் பாத்து, எது கொறைச்சலோ அதுக்குத் தக்கன ஆறு எடுத்திருக்காங்க. அவளது ரெண்டா இருந்திருந்தா அஞ்சு பேரும் ரெண்டாம் படி ஆத்துக்குத்தான்..."

சொல்லி முடிப்பதற்குள் கொளஞ்சி நாக்கைக் கடித்துக்கொண்டார். விசாரித்ததை ஒப்பிக்கிற ரைட்டர் புத்தி. சிங்காரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டில் ஷேர் ஆட்டோக்காரன் திருப்பாதிரிப்புலியூர், திருப்பாதிரிப்புலியூர் என்று கத்திக்கொண்டு போனான்.

"காலையில நீங்க கேட்டீங்க," என்றார் சிங்காரம். "வெறும் அட்டை, அத வுடுங்கன்னேன்."

"வாத்தியாரு அவரா போட்டதா..."

"அவரா போடல சார்."

குரலை உயர்த்தாமல் அதைச் சொன்னார். கொளஞ்சி அவர் கையைப் பிடித்தார். அந்தக் கை மரக்கட்டைபோலக் கிடந்தது.

"மார்க்கு வந்த அன்னிக்கு போன் பண்ணா சார். அப்பா, நானே பாஸ் பண்ணிட்டேன், யாரும் ஒதவல, நானேன்னா. நான் இந்தப் பக்கம் சிரிச்சிகிட்டேன். எம்பொண்ண ஏமாத்திட்டேன்னு பெருமையா சிரிச்சிகிட்டேன் சார். அவ அவளையே நம்பித்தான எறங்கியிருப்பா. தலைகீழா கெடந்தப்பகூட, நமக்குத்தான் வருமே, ஏன் வரலன்னு நெனச்சிருப்பா."

சிலம்பரசன் டீக்கடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். கொளஞ்சி எத்தனையோ குற்றவாளிகளைக் கண்டுபிடித்தவர். கண்டுபிடித்ததற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருந்தது இந்த ஒரு முறைதான்.

"ஒங்க மேல தப்பு சொல்றதுக்கு இல்லீங்க," என்றார். "யாரா இருந்தாலும் கேட்டிருப்பாங்க. நானே கேட்டிருப்பேன்."

"கேட்டிருப்பீங்க," என்று தலையாட்டினார் சிங்காரம். மனுவை நாலாக மடித்துச் சிலம்பரசனிடம் நீட்டினார். "தம்பி, இத சேரன்கிட்டயே குடுத்துடு. பயப்படாம வேலைக்குப் போவச் சொல்லு. வாத்தியாரு எழுதுன தாளையும் அவருகிட்டயே குடுத்துடுங்க சார், நான் ஒண்ணும் நெனைக்கலன்னு சொல்லுங்க."

எழுந்து நின்று, எதிரே அலுவலகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பண்ருட்டி பஸ்ஸு இப்ப எத்தன மணிக்கு?"

"அஞ்சு பத்துக்கு ஒண்ணு இருக்குங்க. நான் வண்டியில கொண்டாந்து வுடுறேன். வீட்டுல தனியா இருக்க வேணாம்," என்றார் கொளஞ்சி. "இத வீட்டுல சொல்லணும்னு அவசியமும் இல்லீங்க."

"இருக்குது சார். எங்க வூட்டுக்காரி இருசம்மா, வெளக்கு வெக்கிற நேரத்துல தெனமும் வாசல்ல எறங்கி மண்ண வாரித் தூத்துறா. எம்மவளத் தாங்காத ஆத்துல எறக்கி வுட்டவன் வெளங்கக் கூடாது, அவன் மண்ணாப் போவணும்னு. நாப்பது நாளா ஒரு நாளு விடல. ஆளு யாருன்னு தெரியாததால தெக்கப் பாத்துத் தூத்துறா, சிதம்பரம் அந்தப் பக்கம்ங்கறதால."

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"இந்த பஸ்ஸ புடிச்சா அதுக்குள்ள போயிடலாம் சார். அவளுக்கு எதுருல போயி நின்னுக்கணும்."

கொளஞ்சி வண்டிச் சாவியைத் தேடுவதற்குள் அவர் ரோட்டைத் தாண்டிவிட்டார். பஸ் கிளம்பிவிடக் கூடாதே என்று ஓட ஆரம்பித்தார்.